சுட்டதற்கு நன்றி

விமான நிலையத்தில் முணுமுணுக்கக் கூடாத பாட்டுகள் என்று நான் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். எல்லாம் ஒரே நாடகத்தின் பாட்டுகள். பெல்ட்டைக் கழற்றித் தட்டில் போட்டு, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போது வாய் சும்மா இருக்காது. ஏதாவது ஒரு மெட்டு தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். பக்கத்தில் நிற்கும் நம்மூர்க்காரருக்கு இளையராஜா வருவார். எனக்கு வருவது, துப்பாக்கியின் அருமை பெருமைகளை நாலு பேர் குழைந்து குழைந்து பாடும் ஒரு வால்ட்ஸ். மெட்டு அவ்வளவு இனிமை. "நன்றாக இருக்கிறதே, என்ன பாட்டு?" என்று அங்கே இருக்கும் அதிகாரி கேட்டுவிட்டால் என் பயணம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

நாடகத்தின் பெயர் 'அசாசின்ஸ்'. இசையும் பாட்டும் ஸ்டீபன் சோன்ட்ஹைம், வசனம் ஜான் வைட்மன். பாத்திரங்கள், அமெரிக்க ஜனாதிபதிகளைக் கொன்றவர்களும் கொல்லப் பார்த்தவர்களுமாக ஒன்பது பேர். 1865-இல் லிங்கனைக் கொன்ற ஜான் வில்க்ஸ் பூத்தில் தொடங்கி, 1981-இல் ரீகனைச் சுட்ட ஜான் ஹிங்க்லி வரை. ஒன்பதில் நாலு பேர் காரியத்தை முடித்தவர்கள், ஐந்து பேர் கோட்டை விட்டவர்கள். ஒருவர் பிறப்பதற்குள் இன்னொருவர் செத்துப் போயிருந்தாலும், மேடையில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிறார்கள். பொருட்காட்சித் திடலில் இருக்குமே, துப்பாக்கி சுடும் கடை, அதுதான் களம். கடைக்காரர் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "முகம் ஏன் வாடியிருக்கிறது?" என்கிற மாதிரி அன்பாக விசாரித்து, ஆளுக்கொரு துப்பாக்கி விற்கிறார். நாடகம் இப்படித்தான் தொடங்குகிறது. அதுவும் காலைப் பொழுதில் கேட்டால் உற்சாகம் வரும்படியான ஒரு மெட்டில்.

இதை ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் போனில் விளக்கிப் பார்த்தேன்.

"என்ன நாடகம்டா பார்த்தே?"

"அமெரிக்க ஜனாதிபதிங்களைச் சுட்டவங்க எல்லாரும் ஒண்ணாச் சேர்ந்து பாடற நாடகம்மா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "பாடிட்டு ஜெயிலுக்குப் போயிடுவாங்களா?"

"இல்லம்மா. கடைசியில வரிசையா நின்னு நம்மளைப் பார்த்துச் சுடுவாங்க."

"டிக்கெட் எவ்வளவு?"

சொன்னேன். போனை அப்பாவிடம் கொடுக்கும்போது, "அவனுக்கு அந்த ஊர் குளிர் ஒத்துக்கலை" என்று அவள் சொன்னது கேட்டது.

ஆபீசிலும் இதே கதைதான். மதியச் சாப்பாட்டு மேஜையில் பிராட்வே பேச்சு வந்தால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒருவருக்கு 'லயன் கிங்'. ஒருவருக்கு 'ஃபான்டம்'. 'ஹாமில்டன்' என்று சொன்னால் எல்லோரும் மரியாதையோடு தலையாட்டுவார்கள். அந்த நாடகத்திலும் துப்பாக்கி வெடிக்கிறது. சுடுகிறவர் அன்றைக்குப் பதவியில் இருந்த துணை ஜனாதிபதி. அதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. துணை ஜனாதிபதி சுட்டால் வரலாறு, கொத்தனார் சுட்டால் விகாரம்! நான் 'அசாசின்ஸ்' என்று சொன்ன அன்று, எதிரே உட்கார்ந்திருந்தவர் தன் சாலட் டப்பாவை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

எங்கள் கூட்டத்துக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. சோன்ட்ஹைம் ரசிகர்கள் பொதுவாகவே கொஞ்சம் கர்வக்காரர்கள். அவர்களிலும் 'அசாசின்ஸ்' ரசிகர்கள், "எனக்கு 'ஸ்வீனி டாட்' பிடிக்கும்" என்று சொல்பவர்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள். 'ஸ்வீனி டாட்' என்பது ஆளை வெட்டி அப்பத்துக்குள் வைக்கும் முடிதிருத்துபவரின் கதை. அதெல்லாம் எங்களுக்குக் குடும்பப் படம்.

எங்கள் நாடகத்துக்கு நேரமே சரியில்லாமல் போனதையும் நாங்கள் ஒரு பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறோம். இதன் விதை சார்ல்ஸ் கில்பர்ட் என்பவர் எழுதிய ஒரு பிரதி. 1979-இல் ஒரு தேர்வுக் குழுவில் இருந்த சோன்ட்ஹைமின் கையில் அது சிக்கியது. பல வருஷம் கழித்து கில்பர்ட்டிடம் அனுமதி வாங்கி, வைட்மனோடு சேர்ந்து புதிதாக எழுதினார். 1990 டிசம்பரில் நியூயார்க்கில் பிளேரைட்ஸ் ஹொரைசன்ஸ் என்ற சின்ன அரங்கில் மேடையேறியது. அடுத்த மாதமே வளைகுடாப் போர் தொடங்கிவிட்டது. வீட்டுக்கு வீடு தேசியக் கொடி பறந்த நேரத்தில், தேசத்தின் தலைவரைச் சுட்டவர்கள் ஆடிப் பாடினால் யார் சகிப்பார்கள்? 73 காட்சிகளோடு முடிந்தது, பிராட்வேக்குப் போகவில்லை. சரி, பத்து வருஷம் ஆறப்போட்டு பிராட்வேக்குக் கொண்டுபோகலாம் என்று நாள் குறித்தார்கள். குறித்த வருஷம் 2001. நாடகத்தில் சாமுவேல் பிக் என்று ஒரு பாத்திரம் உண்டு. நிஜ மனிதன், 1974-இல் பால்டிமோர் விமான நிலையத்தில் ஒரு விமானத்தைக் கடத்தி வெள்ளை மாளிகை மேல் மோதவேண்டும் என்று கிளம்பியவன். செப்டம்பர் 11-க்குப் பிறகு அந்த வசனத்தை எந்த நடிகர் பேசுவார், எந்த ரசிகன் உட்கார்ந்து கேட்பான்? தள்ளி வைத்தார்கள். 2004-இல் ஸ்டூடியோ 54 அரங்கில் ஒருவழியாக வந்தது. ஐந்து டோனி விருதுகளை அள்ளியது, 101 காட்சிகளில் மூட்டை கட்டியது. பிறகு 2020-இல் நியூயார்க்கின் கிளாசிக் ஸ்டேஜ் கம்பெனி இதைப் போடப்போகிறது என்றார்கள். 2020-இல் என்ன வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த முறை இந்த நாடகத்தை அறிவிக்கும்போது பொதுமக்கள் கொஞ்சம் அரிசி பருப்பு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

நான் இதை முதன்முதலில் மேடையில் பார்த்தது பிராட்வேயில் அல்ல, நியூ ஜெர்சியில் ஓர் அமெச்சூர் குழு போட்டபோது. பகலில் பல் டாக்டர், கணக்காளர், பள்ளி ஆசிரியை என்று இருப்பவர்கள் ராத்திரியில் ஜனாதிபதிகளைச் சுட்டார்கள். பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள். வாசலிலேயே ஒரு எச்சரிக்கை அட்டை: நாடகத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்கும், பயப்பட வேண்டாம். ஒன்பது பேரில் ஒருவனான ஜுசெப்பே ஜங்காரா இத்தாலியிலிருந்து வந்த கொத்தனார். 1933 பிப்ரவரியில் மயாமியின் பேஃப்ரன்ட் பூங்காவில் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைக் குறி வைத்தவன். ஓயாத வயிற்றுவலி அவனுக்கு. உயரம் ஐந்தடி சுமார்தான், கூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று ஆட்டம் காணும் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று சுட்டான். குறி தவறி ஐந்து பேருக்குக் குண்டு பாய்ந்தது. சிகாகோ மேயர் ஆன்டன் செர்மாக் அதில்தான் இறந்தார். இந்தப் பாத்திரத்துக்கு அந்தக் குழுவில் கிடைத்த நடிகர் ஆறடி மூன்றங்குலம். நாற்காலி மேல் அவர் ஏறியதும் கழுத்துக்கு மேலே எதுவும் தெரியவில்லை, மேல்திரைச் சீலைக்குள் போய்விட்டார். வயிற்றுவலியைப் பற்றிய அந்த ஆவேசமான பாட்டு முழுவதையும் வயிறு மட்டுமே பாடியது.

அந்தக் காட்சியின் அழகு ஜங்காரா மட்டுமல்ல. ஒரு பக்கம் அவன் மின்சார நாற்காலியில் உட்கார்ந்து பாடுகிறான். மறுபக்கம் பூங்காவுக்கு வந்திருந்த பொதுஜனங்கள் பத்திரிகைக்காரர்களின் முன்னால் முண்டியடித்துக்கொண்டு, ரூஸ்வெல்ட்டைக் காப்பாற்றியது நான்தான், நான்தான் என்று அணிவகுப்பு இசையில் பாடுகிறார்கள். சாகப்போகிற ஜங்காராவின் கவலையோ, தன்னைப் படம் பிடிக்க ஏன் ஒருத்தரும் வரவில்லை என்பது. இது கற்பனையில்லை, நிஜத்திலும் அவன் கடைசி நேரத்தில் கோபித்துக்கொண்டது கேமரா இல்லாததற்குத்தான். சோன்ட்ஹைம் ஒவ்வொரு கொலைக்கும் அந்தந்தக் காலத்து அமெரிக்க மெட்டையே எடுத்துக்கொண்டார். பூத்துக்கு நாட்டுப்புறக் கதைப்பாட்டு, ஜங்காராவுக்குப் பட்டாள பாண்டு, எழுபதுகளின் ஆட்களுக்கு ரேடியோவில் அன்றாடம் ஒலித்த காதல் பாட்டு. அதனால்தான் தப்பிக்க முடிவதில்லை. அமெரிக்கர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே பழகிய மெட்டு, அதற்குள் இருப்பது விஷம்.

நாடகத்தின் முடிவில் ஒன்பது பேரும் நம்மை நோக்கிச் சுட்டபோது, சாரா ஜேன் மூராக நடித்தவரின் துப்பாக்கி வெடிக்கவில்லை. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிஜ மூர் 1975 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ஃபோர்டைச் சுட்டபோதும் இதே அழகுதான். முந்தின நாள் போலீஸ் அவள் துப்பாக்கியைப் பறிமுதல் செய்துவிட்டது. மறுநாள் காலையில் போய் இன்னொன்று வாங்கினாள், அதன் குறி விலகியிருந்தது. எனவே அன்றைக்குத் துப்பாக்கி வெடிக்காதது இயக்குநரின் ஆழ்ந்த நுட்பம் என்று வெளியே கார் நிறுத்துமிடத்தில் ரசிகர்கள் பேசிக்கொண்டார்கள். நானும் பேசினேன். அந்தப் பல் டாக்டரம்மா மறுநாள் என்னவோ வேறு காரணம் சொன்னாராம். ரசிகனுக்கு அது தேவையில்லை.

ஒன்பது பேரில் உனக்கு யார் பிடிக்கும் என்று கேட்டால் நல்ல ரசிகன் கொஞ்சம் யோசிப்பதுபோல் நடிப்பான். யோசிக்க ஒன்றுமில்லை. எல்லோருக்கும் பிடித்தது சார்ல்ஸ் கிட்டோதான்.

கிட்டோவை ஒரு நாவலாசிரியர் கற்பனை செய்திருந்தால், "இவ்வளவு மிகை வேண்டாம்" என்று பதிப்பாசிரியர் வெட்டியிருப்பார். 1880 தேர்தலில் அவன் ஒரு பிரசங்கம் எழுதினான். கிரான்ட்தான் வேட்பாளர் என்று நினைத்து கிரான்ட் பெயரில் எழுதினான். வேட்பாளர் கார்ஃபீல்ட் என்று ஆனதும் பெயரை மட்டும் மாற்றினான். கார்ஃபீல்ட் ஜெயித்தார். தன் பிரசங்கத்தால்தான் ஜெயித்தார் என்பதில் கிட்டோவுக்கு அணுவளவும் சந்தேகம் இல்லை. கைம்மாறாகத் தன்னைத் தூதரக அதிகாரியாக நியமிக்க வேண்டும் என்று வெள்ளை மாளிகைக்கும் வெளியுறவுத் துறைக்கும் நடையாய் நடந்தான். வெளியுறவு அமைச்சர் பிளெய்ன் பொறுக்கமுடியாமல், இனி அந்தப் பேச்சை என்னிடம் எடுக்காதே என்று கத்திவிட்டார். கிட்டோ மனம் தளரவில்லை. கடவுள் வேறு வேலை கொடுத்திருக்கிறார் என்று முடிவு கட்டினான்.

அதன் பிறகு அவன் செய்த ஏற்பாடுகளில்தான் ஒரு தலைசிறந்த கல்யாண கான்ட்ராக்டரின் கை தெரிகிறது. தான் அடைக்கப்படப்போகும் சிறையை முன்கூட்டியே நேரில் போய்ப் பார்த்து வசதி எப்படி என்று தெரிந்துகொண்டான். அருங்காட்சியகத்தில் வைத்தால் எப்படித் தெரியும் என்று யோசித்துத் துப்பாக்கி வாங்கினான். 1881 ஜூலை 2 அன்று வாஷிங்டன் ரயில் நிலையத்தில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு, சுட்டபின் சிறைக்குப் போக ஒரு குதிரை வண்டியும் பேசி வைத்தான். கூட்டம் தன்னை அடித்துவிடாமல் இருக்கப் பட்டாளம் அனுப்பச் சொல்லி ஜெனரல் ஷெர்மனுக்கு ஒரு கடிதம். சுட்டுவிட்டு விடுதலையாகி, ஊர் ஊராகப் பிரசங்கம் செய்து, அடுத்த தேர்தலில் தானே நிற்பதாகவும் யோசனை. கார்ஃபீல்ட் உடனே சாகவில்லை. டாக்டர்கள் கழுவாத விரலால் குண்டைத் தேடித் தேடிக் காயத்தைச் சீழ்பிடிக்க வைத்து, செப்டம்பர் 19 வரை இழுத்தடித்தார்கள். தொலைபேசி கண்டுபிடித்த கிரஹாம் பெல் ஒரு கருவியைச் செய்து கொண்டுவந்து தேடினார், அப்போதும் கிடைக்கவில்லை. நீதிமன்றத்தில் கிட்டோ எடுத்து வைத்த வாதம்: கொன்றது டாக்டர்கள், நான் வெறுமனே சுட்டேன். மருத்துவ ரீதியாக அவன் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்பதுதான் சங்கடம்.

1882 ஜூன் 30 அன்று தூக்குமேடையில் தான் எழுதிய கவிதை ஒன்றைக் குழந்தைக் குரலில் வாசித்துவிட்டுப் போனான். அந்தக் கவிதையைச் சோன்ட்ஹைம் தன் பாட்டுக்குள் வைத்து, கிட்டோவைத் தூக்குமேடைப் படிகளில் ஆடியபடியே ஏறவைத்தார். ஒவ்வொரு படிக்கும் உற்சாகம் ஏறுகிறது, கடைசிப் படியில் கயிறு இருக்கிறது. அரங்கில் கைதட்டல் அப்படி வரும். நானும் தட்டியிருக்கிறேன். கை தட்டி முடிந்தபின் ஒரு நொடி உள்ளங்கை கொஞ்சம் அசிங்கமாகத் தெரியும். பிறகு அடுத்த பாட்டு வந்துவிடும்.

என் மனைவி இந்த விஷயத்தில் வெகுகாலம் நடுநிலை வகித்தாள். காரில் போகும்போது நான் போடும் ரெக்கார்டை அவள் காதில் வாங்குவதே இல்லை. ஒருநாள் மட்டும், கிதாரோடு ஒரு மென்மையான டூயட் வந்தபோது சத்தத்தைக் கூட்டினாள்.

"இது நல்லாருக்கேங்க. யார் பாடறது?"

"ஒருத்தன் ரீகனைச் சுட்டவன். அந்தப் பொண்ணு ஃபோர்டைச் சுடப் போனவ."

"ரெண்டு பேரும் லவ் பண்ணாங்களா?"

"இல்ல. அவன் ஜோடி ஃபாஸ்டரை நினைச்சுப் பாடறான். அவ சார்ல்ஸ் மேன்சனை நினைச்சுப் பாடறா."

"அவங்களுக்கு இது தெரியுமா?"

"ஜோடி ஃபாஸ்டருக்குத் தெரியும். அதுக்காகத்தான் சுட்டான்."

அவள் சத்தத்தைக் குறைத்தாள். இரண்டு சிக்னல் தாண்டியதும், "மெட்டு நல்லாத்தான் இருக்கு, எங்க சித்தப்பா பொண்ணு ரிசப்ஷன் வீடியோவுக்கு வார்த்தை இல்லாம கிடைக்குமா?" என்றாள்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. இது கொலைகாரர்களைப் பற்றிய நாடகமே இல்லை, ரசிகர்களைப் பற்றிய நாடகம். ஹிங்க்லி ஒரு நடிகையின் ரசிகன். 'டாக்சி டிரைவர்' படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, அவள் கவனத்தைத் தன் பக்கம் திருப்பத்தான் 1981 மார்ச் 30 அன்று வாஷிங்டன் ஹில்டன் ஹோட்டல் வாசலில் ரீகனைச் சுட்டான். ஃபோர்டைச் சுடப் போன ஸ்க்வீக்கி ஃப்ரோம், கொலைக் கும்பல் தலைவன் மேன்சனின் ரசிகை. மெக்கின்லியைக் கொன்ற சோல்கோஸ், அராஜகவாதி எம்மா கோல்ட்மனின் சொற்பொழிவைக் கேட்டு மயங்கியவன். சாமுவேல் பிக், சாண்டா கிளாஸ் உடையில் வெள்ளை மாளிகை முன்னால் மறியல் செய்தவன், பிரபலங்களுக்கு டேப்பில் பேசிப் பதிவு செய்து அனுப்பினான். அதில் ஒருவர் இசையமைப்பாளர் லியோனார்ட் பெர்ன்ஸ்டைன். 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'க்குப் பெர்ன்ஸ்டைன் இசை, பாட்டெழுதியவர் அன்றைக்கு இருபதுகளில் இருந்த சோன்ட்ஹைம். ஆகவே பிக் மேடையில் பெர்ன்ஸ்டைனிடம் டேப்பில் முறையிடும்போது அதில் சோன்ட்ஹைமுக்கும் ஒரு பங்கு விழுகிறது. கிட்டோ? அவன் தனக்கே ரசிகன். அந்த மன்றத்தில் அவன் ஒருவன்தான் உறுப்பினர், இருந்தாலும் கூட்டம் தினமும் நடந்தது.

பூத் மட்டும் எதிர்ப்பக்கம். அவன்தான் நட்சத்திரம். அன்றைக்குப் புகழ்பெற்ற நடிகன், தகப்பனும் அண்ணன்களும் நடிகர்கள், தகப்பன் பெயரிலேயே புரூட்டஸ் உண்டு. லிங்கனைக் கொல்வதற்கு ஐந்து மாதம் முன்பு மூன்று சகோதரர்களும் நியூயார்க்கில் 'ஜூலியஸ் சீசர்' போட்டபோது, பூத்துக்குக் கிடைத்தது புரூட்டஸ் வேடம் அல்ல, மார்க் ஆன்டனி. 1865 ஏப்ரல் 14 இரவு, ஃபோர்ட்ஸ் தியேட்டரில் நடந்த நகைச்சுவை நாடகத்தில் எந்த வசனத்துக்கு அரங்கம் பெரிதாகச் சிரிக்கும் என்று அவனுக்குத் தெரியும். அந்தச் சிரிப்பின் மறைவில் சுட்டுவிட்டு மேடையில் குதித்து வசனம் பேசினான். நாடகத்தில் மற்ற எட்டுப் பேரும் அவனைத்தான் முன்னோடியாகப் பார்க்கிறார்கள். மதுரையில் முதல் நாள் முதல் காட்சிக்குக் கட்அவுட் மேல் ஏறிப் பாலூற்றியவர்களோடு வளர்ந்த எனக்கு, அந்தப் பார்வை எதுவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தலைவர் வந்துவிட்டார் என்கிற பார்வை அது. கென்னடியைச் சுட்ட ஆஸ்வால்டின் காட்சியில் அது உச்சிக்குப் போகும். டல்லஸ் புத்தகக் கிடங்கின் ஆறாம் மாடியில், தன்னையே சுட்டுக்கொள்ள வந்திருக்கும் ஒரு பையனிடம் பூத் வந்து நைச்சியமாகப் பேசி, ஜன்னல் பக்கம் திருப்புகிறான். மற்ற ஏழு பேரும் இருட்டிலிருந்து வந்து, நீ சுட்டால்தான் எங்களுக்குப் பெயர் என்று கெஞ்சுகிறார்கள். 2004 தயாரிப்பில் நீல் பேட்ரிக் ஹாரிஸ் ஆஸ்வால்டாக நின்றபோது, கென்னடி சுடப்பட்ட அந்தப் புகழ்பெற்ற எட்டு எம்எம் படத்தை அவர் பனியன் மேலேயே ஓடவிட்டார்களாம். திரை என்று தனியாக ஒன்று வேண்டாம், பையனே போதும்.

இதற்கு அடுத்து வரும் பாட்டில்தான் ரசிகர்கள் இரண்டாகப் பிரிவார்கள். கொலைச் செய்தி வந்த கணத்தில் துணி காயப்போட்டுக்கொண்டும், வேலை பார்த்துக்கொண்டும் இருந்த சாதாரண ஜனங்கள் பாடும் பாட்டு அது. நியூயார்க்கின் முதல் தயாரிப்பில் இல்லை. 1992-இல் சாம் மென்டிஸ் லண்டன் டான்மர் வேர்ஹவுஸில் இயக்கியபோது சோன்ட்ஹைம் சேர்த்தார். வேகம் குறைகிறது, கொலைகாரர்களின் உலகத்துக்குள் வெளியாட்கள் எதற்கு என்று ஒரு கட்சி. அவர்களுக்கு 1991 ரெக்கார்ட்தான் வேதம். நான் மற்றக் கட்சி. ஒன்றரை மணி நேரம் சுட்டவர்களோடு சிரித்துவிட்டு, செத்தவர்களுக்காக மூன்று நிமிஷம் நிற்க மாட்டேன் என்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. பேச்சில்லை என்றால், பார்த்தால் இதைப் பற்றியே பேசுவோம்.

யாத்திரையும் உண்டு. வாஷிங்டனுக்கு விருந்தாளி வந்தால் எல்லோரும் நினைவுச்சின்னம் காட்டுவார்கள், நான் ஃபோர்ட்ஸ் தியேட்டரின் கீழ்த்தளத்துக்குக் கூட்டிப்போவேன். பூத்தின் கைத்துப்பாக்கி அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது, உள்ளங்கையில் அடங்கிவிடும். மெக்கின்லி சுடப்பட்ட இடம் பஃபலோவில். 1901-இல் பெரிய கண்காட்சி நடந்த திடல், இன்று வீடுகள் நிறைந்த தெரு. சோல்கோஸ் கைக்குட்டையில் துப்பாக்கியைச் சுற்றிக்கொண்டு, ஜனாதிபதியிடம் கைகுலுக்க நின்றவர்களின் வரிசையில் சேர்ந்து வந்த இடத்தில் இப்போது ஒரு பாறையும் பலகையும். ஆனால் உண்மையான ரசிகன் போகவேண்டியது பிலடெல்பியாவின் மியூட்டர் மருத்துவ அருங்காட்சியகத்துக்கு. கிட்டோவின் மூளையில் ஒரு பகுதி அங்கே ஜாடியில் இருக்கிறது. அருங்காட்சியகத்துக்காகவே பார்த்துப் பார்த்து வாங்கிய துப்பாக்கி பிற்காலத்தில் எங்கேயோ காணாமல் போய்விட்டது. தூதரக வேலைக்குப் பாரிஸுக்குப் போக ஆசைப்பட்ட மனிதர், பிலடெல்பியாவோடு நின்றுவிட்டார்.

ஹிங்க்லி கதைதான் எங்கள் கூட்டத்தை வாயடைக்க வைத்தது. மனநிலை காரணமாகக் குற்றவாளி இல்லை என்று தீர்ப்பாகி, பல்லாண்டு மனநல மருத்துவமனையில் இருந்தவர், 2022-இல் நீதிமன்றக் கட்டுப்பாடுகள் எல்லாம் நீங்கி முழு விடுதலை ஆனார். அதற்கு முன்பே யூடியூபில் கிதாரோடு தானே எழுதிய காதல் பாட்டுகள் பாட ஆரம்பித்திருந்தார். நியூயார்க்கில் ஒரு கச்சேரிகூட அறிவித்து, பிறகு ரத்தானது. முப்பது வருஷம் முன்னால் சோன்ட்ஹைம் அவர் கையில் கிதாரைக் கொடுத்தபோது, அது நாடகத்துக்காக என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவர் பாட்டைக் கேட்டீர்களா என்று சிலர் கேட்கிறார்கள். கேட்டேன். சோன்ட்ஹைம் எழுதியதே மேல்.

2021 நவம்பர் 14 அன்று, கோவிட் தள்ளிப்போட்ட அந்தத் தயாரிப்பு ஒருவழியாக நியூயார்க்கில் திரை விலகியது. ஜான் டாயில் இயக்கம், நடிகர்களில் பலர் வாத்தியமும் வாசித்தார்கள். பன்னிரண்டு நாள் கழித்து சோன்ட்ஹைம் 91 வயதில் காலமானார். தன் படைப்புகளில் இதற்கு அவர் தனி இடம் கொடுத்திருந்தார். ஏறக்குறையக் குறையில்லாதது என்றே தன் பாட்டுத் தொகுப்பில் எழுதிவைத்தார், அடக்கமெல்லாம் பார்க்கவில்லை. அந்த வாரம் எங்களில் பலர் காரில் 'அசாசின்ஸ்' போட்டு அழுதுகொண்டே ஓட்டினோம். பக்கத்து லேனில் போனவர் ஜன்னலை இறக்கிக் கேட்டிருந்தால், துப்பாக்கிப் பாட்டுக்கு ஒரு பெரிய ஆள் அழுவதைப் பார்த்துப் போலீசைக் கூப்பிட்டிருப்பார்.

அந்தத் தயாரிப்புக்கு மனைவியைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனேன். முன்வரிசை கிடைத்தது. இந்த நாடகத்துக்கு முன்வரிசை என்றால், அதிகக் காசு கொடுத்தவரைக் கிட்டத்தில் வைத்துச் சுடுவார்கள் என்று அர்த்தம். கடைசியில் எல்லோரும் வரிசையாக நின்று எங்களை நோக்கித் துப்பாக்கியை நீட்டினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் மூடவில்லை என்று பிறகு சொன்னாள். வெளியே நடிகர்கள் வரும் கதவருகே சில ரசிகர்கள் காத்திருந்தார்கள். கையெழுத்து வாங்கிய ஒரு பெண், பூத்தாக நடித்தவரிடம், "எங்களைச் சுட்டதற்கு நன்றி, மிக அருமை" என்றாள். அவரும் குனிந்து ஏற்றுக்கொண்டார்.

ரயிலில் திரும்பும்போது என் மனைவி வெகுநேரம் பேசவில்லை. எந்தப் பாட்டு அவளைப் பிடித்திருக்கும் என்று நான் ஊகித்துக்கொண்டிருந்தேன். நீவார்க் வரும்போது கேட்டாள்.

"அந்த கிட்டோ. பாவம், ஒரு வேலைதானே கேட்டான்?"

"தூதரக வேலை. பாரிஸ்ல."

"பாரிஸ் முடியாதுன்னா வேற ஏதாவது சின்ன ஊராப் பார்த்துப் போட்டிருக்கலாம்ல? இவ்வளவு தூரம் வந்திருக்காதே."

"முதல்ல வியன்னாதான் கேட்டான். அப்புறம் அவனே மனசு மாறி, பாரிஸ்தான் வேணும்னுட்டான்."

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அப்போ அவன் மேலயும் தப்பு இருக்கு" என்றாள்.